காரணம் என்ற கட்டம்

மருத்துவமனையின் கணினிப் பிரிவில் அவளுடைய வேலை, யாருக்கு எது திறக்கலாம், எது திறக்கக் கூடாது என்று பார்ப்பது. புதிதாகச் சேருகிறவர்களுக்குக் கணக்கு உண்டாக்கிக் கடவுச்சொல் கொடுப்பாள். விலகிப் போகிறவர்களின் கணக்கை அன்று மாலையே மூடிவிடுவாள். அதனால் வீட்டில் அவளுக்குப் 'பூட்டு' என்று பெயர். வைத்தவள் நாத்தனார். கணவனின் தங்கை, இதே மருத்துவமனையில் குழந்தைகள் வார்டு நர்ஸ்.

வேலைக்காக மட்டும் வந்த பெயரல்ல அது என்று அவளுக்குத் தெரியும். கல்யாணமான புதிதில் யார் எதைக் கேட்டாலும் ஒற்றை வார்த்தையில் பதில் சொல்லி நிறுத்திக்கொள்வாள். "வாயைத் திறக்கவும் கடவுச்சொல் வேணும் போலிருக்கே" என்றாள் நாத்தனார். வீடே சிரித்தது. அவளும் சிரித்தாள். அன்றிலிருந்து அண்ணி என்ற சொல் நாத்தனார் வாயில் வந்ததே இல்லை. பூட்டு சாப்பிட்டாச்சா, பூட்டு எங்க கிளம்பிட்டீங்க, எல்லாமே பூட்டுதான்.

தினமும் காலையில் வந்ததும் முதல் நாள் பதிவுகளைப் பார்க்க வேண்டும். தன் வார்டில் இல்லாத நோயாளியின் கோப்பை யாராவது திறந்தால் கணினி 'காரணம்' என்று ஒரு கட்டத்தை நீட்டும். ஏதாவது எழுதினால்தான் உள்ளே விடும். பாதிப்பேர் ஒரு புள்ளி வைத்துவிட்டுப் போய்விடுவார்கள். எலும்பு டாக்டர் எதற்கும் 'அவசரம்' என்றே எழுதுவார். மாவுக்கட்டு பிரித்து ஆறு மாதமான ஆளுக்கும் அவசரம்தான். ஒரு தடவை யாரோ 'சும்மா' என்று எழுதியிருந்தார்கள். அவள் வாய்விட்டுச் சிரித்துவிட்டு, கடமை தவறாமல் மேலே அனுப்பி வைத்தாள்.

அன்று அந்தப் பதிவுகளில் நோயாளியின் பெயர் இருந்த இடத்தில் அவள் பெயரே இருந்தது.

கழுத்தில் ஒரு கட்டி. பரிசோதனைக்காக ஊசி போட்டுச் சதை எடுத்திருந்தார்கள். இன்று மதியம் டாக்டர் முடிவு சொல்வார். கணவனுக்குக்கூட அவள் சொல்லவில்லை. ஏன் என்று தன்னையே கேட்டுப் பார்த்திருக்கிறாள். அந்த வீட்டில் ஒரு காதில் விழுந்தது எல்லாக் காதிலும் விழுந்துவிடும். மாமியார் அழுவார், கணவன் ஊமையாகிவிடுவான், அவர்களைத் தேற்றுகிற வேலை அவள் தலையில் விழும். அதற்கெல்லாம் முன்னால், தன் செய்தி முதலில் தன்னிடம் வர வேண்டும், அதோடு கொஞ்ச நேரம் தனியாக உட்கார வேண்டும் என்று நினைத்தாள். வேறெதுவும் கேட்கவில்லை. நினைத்தால் அவளே தன் கோப்பைத் திறந்திருக்கலாம். தடுக்க ஆளில்லை. திறக்காமல் இருந்தது நேர்மையாலா, பயத்தாலா என்றுதான் அவளுக்குப் பிடிபடவில்லை.

இப்போது அவளுக்கு முன்னால் இன்னொருத்தி திறந்துவிட்டாள். குழந்தைகள் வார்டு. நாத்தனாரின் கணக்கு. காரணம் என்ற கட்டத்தில் ஒரே சொல்: அண்ணி.

முதலில் கோபம்தான் வந்தது. பிறகு அந்தச் சொல்லையே பார்த்துக்கொண்டிருந்தாள். புள்ளி வைத்திருக்கலாம், சிகிச்சை என்று பொய் எழுதியிருக்கலாம். இத்தனை வருடம் நேரில் சொல்லாததைப் போய் இந்தக் கட்டத்தில் எழுதியிருக்கிறாளே. உள்ளே கெட்டது எதையோ பார்த்துவிட்டுத்தான் அப்படி எழுதினாளோ என்று தோன்றியது. காரணத்தை எழுதிய பிறகுதான் கோப்பு திறக்கும் என்பது அவளைவிட யாருக்குத் தெரியும்? எழுதும்போது நாத்தனார் எதையும் பார்த்திருக்க முடியாது என்று தெரிந்தும் மனசு கேட்கவில்லை.

கீழே 'ஏற்கலாம்', 'ஏற்க முடியாது' என்று இரண்டு பொத்தான்கள். ஏற்கலாம் என்று அழுத்தினால் கதை முடிந்தது. ஆனால் தன் கோப்புக்குத் தானே தீர்ப்புச் சொல்லக் கூடாது. எழுந்து பிரிவுத் தலைவரின் அறைக்குப் போனாள். அவர் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு மேல் ஏற்றிவிட்டு, மேசை முழுக்கத் தேடிக்கொண்டிருந்தார். அவள் அவர் நெற்றியைச் சுட்டிக் காட்டினாள்.

"சார், இந்த ஒரு வரியை நீங்க பாக்கணும். கோப்பு என்னோடது. திறந்தது என் நாத்தனார்."

"வீட்டுச் சண்டையா?"

"இன்னும் ஆரம்பிக்கலை சார்."

அவர் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "மனசுக்கு ஏத்துக்கலாம்மா. விதிக்கு முடியாதே. முதல் தடவைதானே? எச்சரிக்கைக் கடிதத்தோட போயிடும்."

கேன்டீனில் அவள் தேநீரை ஆறவிட்டு உட்கார்ந்திருந்தபோது நாத்தனார் எதிர் நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"என்ன அண்ணி, டீயை வேடிக்கை பாக்கறீங்க?"

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "பூட்டு எங்க போச்சு இன்னிக்கு?"

"ஏன், அண்ணின்னு கூப்பிடக் கூடாதா?"

"என் கோப்பைத் திறந்தியா?"

நாத்தனார் மேசையில் விரலால் கோடு போட்டாள். "உங்க கண்ணுல படும்னு தெரியும். லேப் வாசல்ல கழுத்துல பஞ்சு ஒட்டிக்கிட்டு உக்காந்திருந்தீங்க. என்னைப் பாத்ததும் சால்வையை இழுத்து மூடினீங்க."

"என்கிட்ட கேட்டிருக்கலாமே?"

"கேட்டா? தலைவலியான்னா 'இல்ல'. மனசு சரியில்லையான்னா 'இல்ல'. உங்களைக் கேக்கறதுக்குச் செவுத்தைக் கேக்கலாம்."

அவளால் இதற்கும் ஒற்றை வார்த்தைதான் சொல்ல முடிந்திருக்கும். சொல்லவில்லை.

"என்ன போட்டிருந்துச்சு?" என்று கேட்டவள், அதே மூச்சில், "வேண்டாம், சொல்லாதே" என்றாள்.

"சொல்ல என்ன இருக்கு? 'முடிவு வரவில்லை'ன்னு ரெண்டு வார்த்தை. அவ்வளவுதான். அதைப் பாத்துட்டே ராத்திரி பூரா தூக்கம் வரலை எனக்கு."

நாத்தனார் பயத்தில் எழுதிய ஒரு சொல்லைப் பார்த்துத்தான் காலையிலிருந்து அவள் பயந்துகொண்டிருந்தாள். கோப்பைத் திறந்தது பதிவில் இருந்தது. கோப்புக்குள் இன்னும் முடிவே இல்லை என்பது பதிவில் இல்லை. அவளுக்குச் சிரிப்பு வந்தது, கண்ணும் கலங்கியது.

"நான் மேல அனுப்பிட்டேன்" என்றாள்.

"அண்ணனுக்கா?"

"தலைவருக்கு."

"அப்பாடா! அண்ணனுக்குன்னாதான் பயம்." அப்புறம் குரல் இறங்கியது. "வேலைக்கு ஒண்ணும் ஆகாதே?"

"ஆகாது. எச்சரிக்கைக் கடிதம் வரும்."

"நாத்தனாரைப் போட்டுக் கொடுத்த அண்ணின்னு ஊரெல்லாம் பேசப் போகுது."

"பேசட்டும். நீ செஞ்சது தப்பு."

"தப்புதான்" என்றாள் நாத்தனார், சண்டைக்கு வராமல்.

"வீட்ல யாருகிட்டயாவது சொன்னியா?"

"சொல்லலை. ஏன், நீங்க மட்டும்தான் பூட்டா?"

ஆறிப்போன தேநீரை அவள் ஒரே மடக்கில் குடித்தாள். நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தாள்.

"டாக்டர் வரச் சொல்லியிருக்கார். நீயும் வா."

அறை வாசலிலேயே டாக்டர் நாத்தனாரைப் பார்த்துத் தயங்கினார். "உங்க விஷயம் பேசணும். இவங்க வெளியில இருக்கட்டுமா?"

"வேண்டாம். நான் கூப்பிட்டுத்தான் வந்திருக்கா."

"உங்களுக்கு உறவா?"

நாத்தனார் தரையைப் பார்த்தாள்.

"நான் இவளுக்கு அண்ணி" என்றாள் அவள்.

கெட்ட கட்டி இல்லை என்றார் டாக்டர். ஆனால் பெரிதாகிக்கொண்டு வருகிறது, சின்னதாக ஒரு அறுவை செய்து எடுத்துவிடுவது நல்லது. தனியாகக் கேட்க வேண்டும் என்று இத்தனை நாள் காத்து வைத்திருந்த செய்தியை, பக்கத்தில் ஒருத்தி மூக்கை உறிஞ்சும் சத்தத்தோடு கேட்டாள். அதனால் அது குறைந்துபோனதாகத் தெரியவில்லை.

வெளியே வந்ததும் நாத்தனார் கைக்குட்டையில் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டாள். "வாங்க பூட்டு, பசிக்குது. அண்ணன்கிட்ட நான் சொல்லட்டுமா?"

"வேண்டாம். நானே சொல்றேன்."

"இன்னிக்கேவா?"

"இப்பவே."

அவள் கைபேசியை எடுத்தாள். மணி அடிக்கத் தொடங்கியது. யாரும் சொல்லாமலேயே நாத்தனார் தாழ்வாரத்தின் மறுகோடிக்குப் போய், முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள்.