மேடைக்கு வராத சிப்பாய்

“பெரியவரே, நில்லுங்க!”

நல்லமுத்து காப்பிச் செடிகளுக்குள் பாய்ந்தான். ஈர மண் சறுக்கியது. விழுந்த வேகத்தில், முன்னால் ஓடிய கிழவரின் துண்டு நுனி கையில் சிக்கியது. விடவில்லை.

மேலே ரோட்டில் ஜீப் ஹாரன் அலறியது. மணி ஒன்பதரை. பத்துக்கு ஏற்காடு பள்ளி மைதானத்தில் சுதந்திர தின விழா. இரண்டாம் உலகப் போரில் பர்மா சண்டைக்குப் போய்த் திரும்பியவர்களில் இந்த மலையில் மிச்சமிருப்பவர் கிளியூர் வெள்ளையன் ஒருவர்தான். அவருக்குச் சால்வை போடச் சேலத்திலிருந்து அதிகாரி வருகிறார். மூன்று வருஷமாக இதே விழா. மூன்று வருஷமாக ஆள் கம்பி நீட்டிவிடுகிறார். “இந்தத் தடவையும் கிழவர் வரலைன்னா, நாளையிலிருந்து நீயும் வராதே” என்று முதலாளி தன் எஸ்டேட் ரைட்டர் நல்லமுத்துவிடம் கறாராகச் சொல்லிவிட்டார்.

“ஏனுங்க, ஒரு சால்வை போட்டா தோளு தேஞ்சா போயிரும்?”

“எனக்கு வேண்டாம் சாமி. ஆளை உடு.”

வெள்ளையனின் மனைவி கண்ணாயி மேட்டில் இடுப்பில் கைவைத்து நின்றாள். “கட்டி இழுத்துட்டுப் போங்க ரைட்டரே! பர்மாவுல என்னத்தப் பண்ணுனீங்கன்னு நாப்பது வருசமாக் கேக்கறேன். ஊட்டு அம்மிகிட்டக் கேட்டிருந்தாக்கூடச் சொல்லியிருக்கும்.”

நல்லமுத்துவுக்கு அழுகையே வந்துவிட்டது. “என் வேலை போயிருமுங்க! மூணு புள்ளைங்கள வெச்சுக்கிட்டு எங்கீங்க போவேன்?”

வெள்ளையன் அவனை ஏற இறங்கப் பார்த்தார்.

“அதை மொதல்லயே சொல்றதுக்கென்ன? துண்டை உடு. வாரேன்.”

பள்ளி மைதான மேடையில் வெள்ளையனின் தோளில் சால்வை விழுந்தது. கைதட்டல். முதலாளி மைக்கை நீட்டினார். “எத்தனை பேரைச் சுட்டீங்க? கூச்சப்படாமச் சொல்லுங்க.”

மேடைக்குக் கீழே நின்ற நல்லமுத்து பத்து விரலையும் விரித்துக் காட்டினான். எதையாவது சொல்லித் தொலையுங்களேன்!

“துப்பாக்கியே தொடலீங்க” என்றார் வெள்ளையன்.

“பொதிக்குதிரை ஓட்டுற மலைக்காரன்னு என்னையக் கோவேறு கழுதைங்ககிட்ட உட்டாங்க. நம்ம பேச்சை நொம்ப நல்லாக் கேக்கும். காட்டுக்குள்ள அதுங்க கத்துனா ஜப்பான்காரனுக்குக் கேட்டுருமுன்னு, சத்தமே வராம இருக்க டாக்டர் அதுங்க தொண்டையில கத்தி வெச்சுக் குரல் நரம்பை அறுத்தாரு. தெரிஞ்ச கை புடிச்சாத்தான் நிக்குமுன்னு, என்னைய அதுங்க தலையப் புடிச்சுக்கச் சொன்னாங்க. அறுபது உருப்படி. என்னைய நம்பி ஒண்ணுகூட ஓடலீங்க.”