வெட்டுப்பட்ட உத்திரம்

அந்த அரங்கத்துக்குள் இருபத்தாறு வருஷமாக யாரும் போகவில்லை. ஒரு மாலை, இசைக் கச்சேரி நடந்துகொண்டிருந்தபோது, மாடி இருக்கைகளின் நடுப்பகுதி ஆட்களோடு பெயர்ந்து கீழே விழுந்தது. பதினோரு பேர் செத்தார்கள். போலீஸ் பூட்டுப் போட்டது. வழக்கு முடிந்த பிறகும் பூட்டு மட்டும் அப்படியே இருந்தது.

இப்போது கட்டடத்தைச் சீரமைத்து மறுபடியும் கச்சேரிகள் நடத்துவதென்று முடிவாகியிருந்தது. மர வேலை முழுவதையும் மேற்பார்க்க ஒரு பெண் வந்திருந்தாள். முப்பத்தைந்து வயது. இடுப்பில் எப்போதும் அளவு டேப் இருக்கும். எதைக் கண்டாலும் அளப்பாள். ஆட்கள் அவளுக்கு டேப் அக்கா என்று பெயர் வைத்திருந்தார்கள். "பொண்ணு பாக்க வந்தவனையெல்லாம் அளந்து பாத்தாங்களாம், ஒருத்தனும் அளவுக்கு வரலையாம்" என்று அவள் காதுபடவே சொல்லிச் சிரிப்பார்கள். அவளும் சிரிப்பாள்.

அவள் யாருடைய மகள் என்பது அங்கே யாருக்கும் தெரியாது.

விபத்துக்கு ஒரு மாதம் முன்பு மாடியின் தரைப்பலகைகளை மாற்றிப் போட்ட தச்சர் அவளுடைய அப்பா. பலகை மாற்றும்போது அடியிலிருந்த உத்திரங்களை அவர்தான் பலவீனமாக்கிவிட்டார் என்று விசாரணையில் சொன்னார்கள். விழுந்த மரங்களை இரண்டே நாளில் லாரியில் அள்ளிக்கொண்டு போய்விட்டதால் வேறெதையும் யாரும் பார்க்க முடியவில்லை. அப்பாவைப் பிடித்துக்கொண்டு போனார்கள். மூன்று மாதம் கழித்து ஜாமீனில் வந்தார். வந்தவரை அம்மா வீட்டுக்குள் விடவில்லை. ஆறாம் நாள் ரயில் பாதையோரம் அவர் பிணமாகக் கிடந்தார்.

அம்மா அப்படிச் செய்ததற்குக் காரணம் இருந்தது. செத்த பதினோரு பேரில் ஒருவர் அம்மாவின் கூடப்பிறந்த தம்பி. பத்தொன்பது வயது. வேலை நன்றாக முடிந்ததென்று அரங்கத்தில் அப்பாவுக்கு ஒரு டிக்கெட் கொடுத்திருந்தார்கள். பாட்டென்றால் உயிரை விடுகிற மச்சானுக்கு அதை அவர் கொடுத்துவிட்டார். மாமா புதுச் சட்டை போட்டுக்கொண்டு, ஒன்பது வயதுக்காரியான அவள் தலையில் செல்லமாக ஒரு குட்டு வைத்துவிட்டுப் போனதுதான் கடைசி.

அப்பா செய்த தப்பைத் தன் கையால் சரிசெய்ய வேண்டும் என்றுதான் அவள் இந்த வேலையைக் கேட்டு வாங்கினாள். அம்மாவிடம் ஏதோ ஒரு பழைய கட்டடம் என்று மட்டும் சொல்லி வைத்தாள்.

மூன்றாவது மாதம், விழாமல் நின்றிருந்த இடதுபக்க மாடியின் அடிக்கூரையைப் பிரித்தார்கள். அழுக்குத் தூசியும் செத்த புறாக்களின் எலும்பும் கொட்டின. சாரத்தில் ஏறி விளக்கைப் பிடித்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

குளிர்காற்று போவதற்கான தகரக் குழாய் ஒன்று மாடியின் அடியில் குறுக்காக ஓடியது. அதற்கு வழிவிட உத்திரத்தை வெட்டியிருந்தார்கள். ஆள் இடுப்பளவு கனமுள்ள மரத்தில் மூன்றில் இரண்டு பங்கு இல்லை. மிச்சமிருந்த கனத்தில்தான் அத்தனை பேர் உட்கார்ந்திருந்தார்கள். குழாய் நடுப்பகுதியைத் தாண்டி வலதுபக்கம் வரை போயிருந்தது. அங்கேயும் இப்படித்தான் வெட்டியிருப்பார்கள்.

வெட்டின முகத்தில் வளைவு வளைவாகக் கோடுகள் இருந்தன. மின்சார ரம்பத்தின் தடம். அப்பாவிடம் இருந்ததெல்லாம் கை ரம்பம்.

துணியால் தூசியைத் துடைத்தபோதுதான் எழுத்து தெரிந்தது. தச்சர்கள் கோடு போடுகிற தடித்த பென்சிலில், மரத்தின் பக்கவாட்டில் இரண்டு வரி.

'இங்கே வெட்டாதீங்க. முழு பாரமும் இதில்தான் நிக்குது.'

ரம்பம் அந்த இரண்டாவது வரியின் ஊடாகவே போயிருந்தது. எழுத்துகளின் மேல்பாதி மட்டும் மிச்சம். 'முழு'வில் இருந்த ழகரத்தின் சுழி பாதியில் அறுந்து நின்றது. அந்தச் சுழியை அவளுக்குத் தெரியும். ஒன்றாம் வகுப்பு நோட்டுகளின் அட்டையில் எல்லாம் அதே கைதான் 'தமிழ்' என்று எழுதிக்கொடுத்திருந்தது.

சாரத்திலிருந்து எப்படி இறங்கினாள் என்று அவளுக்கே நினைவில்லை.

சீரமைப்பு வேலையின் பொறியாளர் மேலே ஏறிப் பார்த்தார். அதிகம் பேசாத மனிதர். எல்லாக் கோணத்திலும் படம் எடுத்துக்கொண்டு இறங்கி வந்தார்.

"எழுதினதுக்கு அப்புறம்தான் வெட்டியிருக்காங்க. சின்னப் பிள்ளை பார்த்தாலும் சொல்லிடும்" என்றார். "நான் அறிக்கையில எழுதறேன்."

மறுநாள் அரங்கத்தின் செயலாளர் இருவரையும் அறைக்குக் கூப்பிட்டார். அந்தக் காலத்தில் அரங்கத்தை நடத்தியவரின் மகன் அவர். குழாய் போடச் சொன்னது அவருடைய அப்பா.

"பழசைக் கிளறி என்னம்மா ஆகப்போகுது? செத்தவங்க எழுந்து வரப்போறாங்களா? எங்கப்பா படுத்த படுக்கையா கிடக்கார். போற காலத்துல அவர் தலையில இதைக் கட்டணுமா?"

"அப்ப ஒரு தச்சர் தலையில கட்டினீங்களே" என்றாள்.

"அந்தாளு போய்ச் சேர்ந்து எத்தனை காலமாச்சு. அவருக்காக இப்ப யார் அழறா?"

"அவர் எங்க அப்பா."

செயலாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நேரம் எடுத்துக்கொண்டு துடைத்தார். பிறகு, "வேலைக்குச் சேரும்போது இதைச் சொல்லியிருக்கணும் நீங்க" என்றார். இடதுபக்க உத்திரங்களை அந்த வாரமே அகற்றிவிட்டு இரும்பு வைக்கும்படி அன்று மாலை உத்தரவு வந்தது.

அவள் காலையில் எல்லோருக்கும் முன்னால் வந்து, அந்த எழுத்து இருந்த முழ நீளத் துண்டை அறுத்து எடுத்தாள். சாக்கில் சுற்றும்போது பொறியாளர் வாசலில் நின்றிருந்தார்.

"நான் ஒண்ணும் பாக்கல" என்று சொல்லிவிட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

பேருந்தில் அதை மடியில் வைத்துக்கொண்டு போனாள். அம்மாவுக்கு நல்ல செய்தி கொண்டுபோவதாக நினைத்தாள். இத்தனை வருஷம் நெஞ்சில் இருந்த முள்ளை எடுத்துவிடப் போகிறோம் என்று நிஜமாகவே நம்பினாள்.

அம்மா தையல் மெஷினின் பக்கத்தில் உட்கார்ந்து பழைய துணியைப் பிரித்துக்கொண்டிருந்தாள். இரண்டு கண்ணிலும் புரை. அடுத்த மாதம் அறுவைச் சிகிச்சைக்கு நாள் குறித்திருந்தது. மகள் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னாள். துண்டை எடுத்து அம்மாவின் மடியில் வைத்தாள். அம்மா அதை விரலால் தடவினாள்.

"வாசி" என்றாள்.

மகள் வாசித்தாள்.

"இன்னொரு தடவை."

மறுபடியும் வாசித்தாள். அம்மா கையை மரத்திலிருந்து எடுக்கவில்லை.

"அன்னைக்கு வெளியில நின்னு இதைத்தான் சொன்னார்" என்றாள் அம்மா. "குழாய்க்காரங்க வெட்டப் போறாங்கன்னு தெரிஞ்சு, மரத்துலயே எழுதி வச்சேன், போலீஸ்ல சொன்னா யாரும் ஏறிப் பார்க்கலை, விழாத பக்கத்துல இன்னும் இருக்கும், வேணும்னா போய்ப் பாருன்னார். நான் உன்னை உள்ள ரூமுக்கு அனுப்பி ரேடியோவை சத்தமா வைக்கச் சொன்னேன். நினைவிருக்கா?"

அவளுக்கு நினைவிருந்தது.

"தாழ்ப்பாளைப் பிடிச்சுக்கிட்டு நின்னேன். என் தம்பியைக் கொன்ன கையால என் கதவைத் தட்டாதேன்னு சொன்னேன். அப்புறம் அவர் தட்டலை. கொஞ்ச நேரம் மூச்சுவிடற சத்தம் மட்டும் கேட்டுது."

"உனக்கு எப்படிம்மா தெரியும்? விசாரணையிலயே அப்படித்தானே சொன்னாங்க."

"போய்ப் பார்த்திருந்தா தெரிஞ்சிருக்கும். பூட்டுன இடம்தான், போலீஸ்ல கேட்டிருக்கலாம், வக்கீலைக் கேட்டிருக்கலாம். என்ன, ரொம்ப தூரமா? ரெண்டு பஸ்."

அம்மா அழவில்லை. அழுதிருந்தால் மகளால் தாங்கியிருக்க முடியும். அன்று சாப்பிடவில்லை, மறுநாளும் பேருக்குத்தான் சாப்பிட்டாள். கண் அறுவைச் சிகிச்சைக்கான நாள் வந்தபோது வரமாட்டேன் என்றாள். மகள் கெஞ்சினாள், கத்தினாள், இதைக் கொண்டுவந்த கையை வெட்டிப்போட வேண்டும் என்று தன்னையே திட்டிக்கொண்டாள். அம்மா அசையவில்லை.

பொறியாளர் சொன்னபடி அறிக்கை எழுதினார். அது எங்கெங்கோ போய், கடைசியில் 'கட்டுமானத்தில் இருந்த பழைய குறைகள் கண்டறிந்து நீக்கப்பட்டன' என்ற ஒற்றை வரியாகத் திரும்பி வந்தது. செயலாளரின் அப்பா இறந்தார். கலைக்கு வாழ்ந்தவர் என்று பத்திரிகையில் அரைப் பக்கம் போட்டார்கள். அவள் வேலையை விடவில்லை. வேறு யாரையும் நம்பி அந்த மாடியை ஒப்படைக்க அவளால் முடியவில்லை. ஒவ்வொரு திருகையும் தானே முறுக்கிப் பார்த்தாள். அரங்கம் திறந்த அன்று மட்டும் அவள் அந்தப் பக்கம் போகவில்லை. மாடியில் ஓர் இடம்கூடக் காலியில்லை என்று பிறகு ஆட்கள் சொன்னார்கள்.

அதற்கு அடுத்த வாரம் ஒரு காலையில் அம்மா புடவை மாற்றிக்கொண்டு தயாராக உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் அந்தச் சாக்கு.

"மத்த பத்துப் பேர் வீடு எங்க இருக்குன்னு கண்டுபிடிக்க முடியுமா?" என்றாள். "அவங்களும் இத்தனை வருஷமா அவரைத்தானே சபிச்சுக்கிட்டு இருப்பாங்க. நான் போய்ச் சொல்லணும்."

அறிக்கைக்காகப் பொறியாளர் வாங்கி வைத்திருந்த பழைய விசாரணைத் தாள்களில் முகவரிகள் கிடைத்தன. அம்மாவின் முழங்கையைப் பிடித்துக்கொண்டு அவள் வீடு வீடாகப் போனாள். மூன்று குடும்பங்கள் எங்கே போயினவென்று தெரியவில்லை. ஒரு வீட்டில் பேரப்பிள்ளைகளுக்கு அரங்கத்தில் செத்தவர் ஒருவர் குடும்பத்தில் இருந்ததே தெரியவில்லை. ஒரு பெண், யார் என்று சொன்னதும் கதவை அறைந்து சாத்திவிட்டாள். அம்மா மூடின கதவைப் பார்த்துக்கொண்டு எல்லாவற்றையும் சொல்லி முடித்துவிட்டுத்தான் நகர்ந்தாள்.

ஆறாவது வீட்டில் ஒரு கிழவர் மட்டும் இருந்தார். அவருடைய ஒரே மகள் அந்த மாடியில் செத்தவள். சாக்கைப் பிரிக்கச் சொல்லி, கண்ணுக்குக் கிட்டே வைத்து இரண்டு வரியையும் படித்தார். பாதி எழுத்துகளை ஊகித்துப் படித்தார். பிறகு திருப்பிக் கொடுத்தார்.

"தினமும் காலையில எழுந்ததும் அந்தத் தச்சன் நாசமாப் போகணும்னு சொல்லுவேன். பல் விளக்கற மாதிரி ஆயிடுச்சு" என்றார். "வெட்டச் சொன்னவனும் போய்ட்டான்னு சொல்றீங்க. இனிமே நான் யாரைச் சொல்றது?"

அம்மா துண்டை மறுபடியும் சாக்கில் சுற்றினாள்.

"என்னைச் சொல்லுங்கண்ணே" என்றாள்.

கிழவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து உள்ளே போய்விட்டார்.

தெருவுக்கு வந்ததும் வெயில் முகத்தில் அடித்தது. அம்மா கண்ணைச் சுருக்கிக்கொண்டு, தடுமாறாமல் நிற்க மகளின் தோளைப் பிடித்தாள்.

"அடுத்தது யாரு?" என்று கேட்டாள்.