ஆறு மாசப் பாலம்

பட்டாளம் வந்து அந்த இரும்புப் பாலத்தைப் போட்டபோது, 'தற்காலிகப் பாலம், ஆறு மாதங்களுக்கு மட்டும்' என்று ஒரு பலகையையும் நட்டது. பலகையில் பெயிண்ட் உரிந்தது, மறுபடி அடித்தார்கள், அதுவும் உரிந்தது. பதினோரு வருஷமாகியும் பாலம் மட்டும் அப்படியே நின்றது. அரசாங்கத்து ஆறு மாசத்துக்கு அவ்வளவு ஆயுசு!

பழைய கல் பாலத்தை வெள்ளம் அடித்துக்கொண்டு போன பிறகு ஆற்றைத் தாண்ட அது ஒன்றுதான் வழி. ஒரு நேரத்தில் ஒரு வண்டிதான் போகலாம். இந்தக் கரையில் நிற்கும் பட்டாளத்துக் கொடிக்காரர் பச்சை காட்டினால் அந்தக் கரைக்காரர் சிவப்பைத் தூக்குவார். மற்றவர்கள் நிற்க வேண்டியதுதான். நின்றவனுக்குப் பசித்தது, சாப்பாடு கேட்டான். டயரைத் தட்டிப் பார்த்தான், பஞ்சர் ஒட்டச் சொன்னான். பொழுது போகாதவன் முடி வெட்டிக்கொண்டான். இப்படியே பாலத்தடியில் ஒரு கடைத்தெரு முளைத்துவிட்டது. வரிசை நீண்டால் ஊருக்குக் கொண்டாட்டம்.

பாலத்தை ஒட்டினாற்போல் இருந்தது அவள் சாப்பாட்டுக் கடை. லாரிக்காரர்களுக்கு அவள் 'பாலத்தக்கா'. இடம் பட்டாளத்துடையது. சிமெண்ட் கூடாது, வெல்டிங் கூடாது, எடு என்றால் அன்றைக்கே எடுக்க வேண்டும் என்று முதலிலேயே கறாராகச் சொல்லிவிட்டார்கள். அதனால் குழாயும் தகரமும் நட்டும் போல்ட்டுமாக அவள் புருஷன் பூட்டிக் கொடுத்த கடை அது. எதிரே சொந்த இடத்தில் பஞ்சர் கடைக்காரர் மாடியே கட்டிவிட்டார். அங்கே நின்று பல் விளக்கிக்கொண்டே, "என்ன பாலத்தக்கா, இன்னும் தகர டப்பாதானா?" என்று கேட்காத நாள் கிடையாது. அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். மாமியார் வேறு, "ஊரே மாடி கட்டுது, நாம ஸ்பானரும் கையுமா உக்காந்திருக்கோம்" என்று பெருமூச்சு விடுவாள்.

இந்த லட்சணத்தில் புதுப் பாலமும் முடிந்தேவிட்டது. நாலு வழி. ஊரை எட்டிக்கூடப் பார்க்காமல் தலைக்கு மேலேயே போய்விடுகிற பாலம். அடுத்த வாரம் திறப்பு. அன்றைக்கே பட்டாளம் தன் இரும்பைக் கழற்றி எடுத்துக்கொண்டு போய்விடும். வரிசை போச்சு, வரிசையோடு அவள் கடையும் போச்சு.

பஞ்சர் கடைக்காரர் மாடியில் கூட்டம் போட்டார். மழைக்காலம் முடியும்வரை திறப்பைத் தள்ளிப்போடச் சொல்லி மந்திரிக்கு ஒரு மனு. புதுப் பாலத்தில் விரிசல் இருப்பதாகச் சந்தேகம் என்று நடுவில் ஒரு வரி.

"விரிசலை யார் பார்த்தா?" என்று கேட்டாள் பாலத்தக்கா.

"யாரும் பாக்கல. அவங்க வந்து பாக்கட்டும். பாக்கறதுக்கே ஆறு மாசம் ஆகும்ல!" என்றார் பஞ்சர் கடைக்காரர். எல்லாரும் சிரித்தார்கள். பேனா அவள் கைக்கு வந்தது.

"போட்டுடு. ஊரோட ஒத்துப் போவோம்," என்றான் புருஷன், தரையைப் பார்த்துக்கொண்டே.

அவளுக்குக் கை வரவில்லை. ஆஸ்பத்திரி அந்தக் கரையில். மகள் பிறந்ததோ இந்தக் கரையில், மரம் ஏற்றிய லாரிக்குப் பின்னால், வரிசையில் நின்ற ஆம்புலன்ஸுக்குள். அவள் போட்ட கூச்சலில் லாரிக்காரர்கள் இறங்கி ஓடிவந்து, முகத்தைத் திருப்பிக்கொண்டு தார்ப்பாயை மறைவாகப் பிடித்தார்கள். மாமியார்தான் பிள்ளையைக் கையில் வாங்கினாள். இரண்டு உயிரும் பிழைத்தது பெரிய காரியம். அன்றிலிருந்து ஆம்புலன்ஸ் என்றால் கொடிக்காரர் மற்ற எல்லாவற்றையும் நிறுத்திவிடுவார். ஆனால் பாலத்தின் நடுவிலேயே ஒரு லாரி நின்றால் அவர்தான் என்ன செய்வார், பாவம்?

பேனாவை மூடி வைத்தாள். "நான் பட்டது போதும். இன்னொருத்தி பட வேணாம். பாலம் திறக்கட்டும்."

"அப்ப அடுப்புல என்னத்த வைப்ப?" என்றார் பஞ்சர் கடைக்காரர்.

"அது என் பாடு!"

விறைப்பாகத்தான் சொன்னாள். படி இறங்கும்போதே கல்லாவில் இருப்பதை மனசுக்குள் எண்ண ஆரம்பித்தாள்.

வாசலிலேயே மாமியார் மடக்கினாள். "கையெழுத்து போட்டியா?"

"இல்ல அத்தை."

"நல்லவேளை. போட்டிருந்தா உன்னை உள்ளயே விட்டிருக்க மாட்டேன்," என்று சொல்லிவிட்டுத் தட்டை எடுத்து வைத்தாள் கிழவி.

இரண்டு நாள் கழித்துப் பட்டாளத்துக் கேப்டன் வந்தார். பாலத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு டீ குடிக்க உட்கார்ந்தார். அவள் பேச்சுக்குத்தான் கேட்டாள்.

"இதைக் கழட்டி எங்க சார் கொண்டுபோறீங்க?"

"மலைப்பக்கம். போன மாசம் அங்க ஒரு பாலம் போயிடுச்சு. ஜனங்க படகுல போறாங்க. ரெண்டு கரையிலயும் லாரியா நிக்குது."

கரண்டி பாதியிலேயே நின்றது. "சாப்பாட்டுக் கடை?"

"ஒண்ணும் கிடையாதும்மா. எங்க பசங்களே பிஸ்கட்டைத் தின்னுட்டுக் கெடக்கறாங்க."

அவள் புருஷனைப் பார்த்தாள். அவன் பெட்டியைத் திறந்து ஸ்பானரை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தான்.

"பாலத்துப் பக்கத்துல எங்களுக்கு இடம் கொடுப்பீங்களா சார்?"

கேப்டன் சிரித்துவிட்டார். "கண்டிஷன் தெரியும்ல?"

"சிமெண்ட் கூடாது, வெல்டிங் கூடாது," என்று உள்ளேயிருந்து மாமியார் ஒப்பித்தாள்.

"ஆனா ராணுவ வண்டியில உங்க சாமானை ஏத்த முடியாதும்மா."

"உங்க வண்டியை யார் கேட்டா? என் கையால சாப்பிட்டவங்ககிட்ட லாரிக்கா பஞ்சம்? அது கிடக்கட்டும், அங்க ஸ்கூல் இருக்கா?"

"இருக்கு. அந்தக் கரையில."

"அப்ப பாலத்தைச் சீக்கிரமா பூட்டுங்க," என்றாள். கேப்டனுக்கே உத்தரவு போடுகிற வாய்!

திறப்பு நாளில் பட்டாளத்தார் பாலத்தைக் கழற்ற, இவர்கள் கடையைக் கழற்றினார்கள். மாமியார் காலை நீட்டி உட்கார்ந்து நட்டு வேறு போல்ட்டு வேறாகப் பிரித்துச் சட்டியில் போட்டாள். கடை முழுசாக லாரியில் ஏறியபோது ஆற்றில் பாதிப் பாலம் பாக்கி இருந்தது. கொடிக்காரர் விறைத்து நின்று ஒரு சல்யூட் அடித்தார். மாடியில் பஞ்சர் கடைக்காரர் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். மாடியைக் கழற்ற ஏது ஸ்பானர்? இத்தனை வருஷத்துக்கும் சேர்த்து நாலு வார்த்தை கேட்க அவளுக்கு வாய் துடித்தது. ஆனால் அந்த முகத்தைப் பார்த்ததும் மனசு கேட்கவில்லை.

"அண்ணே, அங்கயும் டயர் பஞ்சராகும். வந்து சேருங்க," என்று கத்திவிட்டு ஏறினாள்.

மலையடிவாரத்தில் முதல் இரும்பு இறங்குமுன் அவள் அடுப்பு எரிந்தது. பாலம் முடிந்த அன்று அதே பழைய பலகையை, புதுப் பெயிண்ட் பளபளக்க நட்டார்கள்.

சாப்பிட்டுக்கொண்டிருந்த லாரிக்காரன் ஒருவன் அதைப் படித்துவிட்டு, "ஆறு மாசம்தானாமே. அப்புறம் என்னக்கா பண்ணுவ?" என்றான்.

"நல்ல பாலம் வரும். நாங்க அடுத்த ஆத்துக்குப் போவோம்."

"நீ சாப்பிடுப்பா. அந்த ஆறு மாசத்துல என் பேத்தி காலேஜே முடிச்சிடுவா," என்றாள் மாமியார்.

முதலில் தாண்டுவதற்குக் கேப்டனின் ஜீப் உறுமிக்கொண்டு நின்றது. அதற்குப் பின்னால், தூசியைக் கிளப்பிக்கொண்டு ஓர் ஆம்புலன்ஸ். பாலத்தோடு கூடவே வந்திருந்த அதே கொடிக்காரர் அவளை ஒரு தரம் திரும்பிப் பார்த்தார். பிறகு தன் கேப்டனுக்கு நேராகவே சிவப்புக் கொடியைத் தூக்கினார்.

ஜீப் ஓரம் கட்டியது. பாலத்துப் பலகைகள் தடதடக்க ஆம்புலன்ஸ் அந்தக் கரைக்குப் போய்ச் சேரும்வரை அவள் மூச்சு விடவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பினால், கேப்டன் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்திருந்தார்.

"ஒரு டீ போடுங்கம்மா. எப்படியும் நிக்கத்தானே போறோம்."