லியூபெனின் பெட்டிக்குள் என்ன?

புளோவ்டிவ் நகரின் அந்த நாலு மாடிக் கட்டடத்தில் ராட்காவுக்குத் தெரியாமல் ஒரு குழாய்கூட ஒழுகியதில்லை. அதனாலேயே மேல்வீட்டு லியூபென் அவள் கண்ணில் விழுந்த தூசி. மனிதருக்குப் பதினோரு காப்புரிமைகள். தயிரைக் கட்டியாக உலர்த்தியதற்கு ஒன்று, சூரியகாந்தி உமியில் சுவர்ப்பலகை செய்ததற்கு ஒன்று, லிஃப்ட் பிரேக்குக்கு ஒன்று. அவர்கள் கட்டட லிஃப்ட் மட்டும் மூன்று வருடமாகப் படுத்தே கிடந்தது.

ஒரு செப்டம்பரில் முற்றத்தில் எல்லோரும் அடுப்பு மூட்டி மிளகாய் விழுது கிளறிக்கொண்டிருந்தபோது, அவர் ஒரு தகரப் பெட்டியை இறக்கினார். சுட்ட குடைமிளகாயை இந்தப் பக்கம் போட்டால் அந்தப் பக்கம் தோலுரிந்து விழுந்தது. மூடியில் பூட்டு.

"உள்ள என்னய்யா வெச்சிருக்க?"

"காப்புரிமைக்கு விண்ணப்பம் போட்டதும் சொல்றேன் அக்கா."

ராட்காவால் அதைத் தாங்க முடியுமா? மறுநாளே, "அவன் தூங்குறப்ப மூடியைத் திறந்து பாத்துட்டேன். பழைய வாஷிங் மெஷின் டிரம்தான்" என்று தெருவெல்லாம் சொல்லிவிட்டாள்.

சொன்னது ஒரு ஊறுகாய்க் கம்பெனியின் காதிலும் விழுந்தது. மே மாதம் அவர்களுடைய வக்கீலம்மா முற்றத்துக்கே வந்து காகிதத்தை நீட்டினாள்.

"அவர் விண்ணப்பம் போடுறதுக்கு முன்னாடியே நீங்க உள்ளே பாத்தீங்கன்னு இதுல கையெழுத்துப் போடுங்க. அப்புறம் அது ரகசியமில்ல. காப்புரிமையும் நிக்காது, நாங்களும் அதே மாதிரி செஞ்சுக்கலாம்."

லியூபென் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தார். கையிலிருந்த காபி ஆறிப்போயிருந்தது. பக்கத்து வீட்டு ஸ்லாவ்கா துணி காயப்போடுவதை நிறுத்திவிட்டு, "போடேன் ராட்கா. நீதான் எல்லாத்தையும் பாத்தவளாச்சே" என்றாள்.

ராட்கா பேனாவை வாங்கினாள். ஸ்லாவ்காவைப் பார்த்தாள். படிக்கட்டைப் பார்த்தாள். பேனாவைத் திருப்பிக் கொடுத்தாள்.

"நான் பாக்கல."

"நீங்க பாத்தீங்கன்னு தெருவே சொல்லுதே?"

"பொய் சொன்னேன். உள்ள என்ன இருக்குன்னு எனக்குத் தெரியாது."

அவள் வாயிலிருந்து அந்தக் கடைசி வார்த்தையை யாரும் அதுவரை கேட்டதில்லை. ஸ்லாவ்காவின் கையிலிருந்த துணி கிளிப் கீழே விழுந்தது. வக்கீலம்மா காகிதத்தை மடித்துக்கொண்டு போனாள்.

இலையுதிர் காலத்தில் பன்னிரண்டாவது காப்புரிமை வந்தது. லியூபென் சாவியோடு ராட்காவின் கதவைத் தட்டினார்.

"வாங்க அக்கா, உள்ள காட்டுறேன்."

பக்கத்துக் கதவில் ஸ்லாவ்கா காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள். ராட்கா நிமிர்ந்தாள்.

"எனக்கு எதுக்குய்யா? நான்தான் அப்பவே பாத்துட்டேனே."