சிவப்புத் தோட்டா

என் மனைவியின் தம்பி ஆர்டனும் நானும் ஒரே நாளில், ஒரே கடையில், ஒரே ரகத் துப்பாக்கி வாங்கினோம். மான் வேட்டைக்கென்றே, குண்டு சுழன்று நேராகப் போகக் குழலுக்குள் வரி வெட்டியது. நூறு கஜத்தில் அவன் சுடும் மூன்று குண்டும் காபிக் கோப்பை மூடிக்குள் அடங்கிவிடும். என்னுடையவை சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்குச் சிதறும். எனக்கு வயிறு எரிந்தது.

அவன் போடுவது மஞ்சள் தோட்டா. உள்ளே பிளாஸ்டிக் உறை போட்ட குண்டு. என்னையும் அதையே போடச் சொல்லிக்கொண்டிருந்தான். யாருக்கும் தெரியாமல் நானும் அதையே வாங்கினேன். இன்னும் மோசம்.

சனிக்கிழமை மான் வேட்டை சீசன் தொடக்கம். வியாழன் மதியம், நாங்கள் சுட்டுப் பழகும் ஜல்லிக் குழியில் ஒரு பை சிவப்புத் தோட்டாவை என் பக்கம் தள்ளினான்.

"இது என் குழலுக்கு ஒத்துக்கல மாமா. உங்களுதுக்குப் பிடிக்குதா பாருங்க. கடையில இனி ஒண்ணுகூட இல்ல."

அவன் கழித்துப்போட்டது எனக்கா? ஆனாலும் காபி எடுக்க அவன் வண்டிக்குப் போனதும் அதில் மூன்று சுட்டேன். மூன்று ஓட்டையும் ஒட்டிக்கொண்டு நின்றன.

திரும்பி வந்தவன் வாயைப் பிளந்தான். "யப்பா! எதைப் போட்டீங்க?"

அவன் தயவில் சுட்டேன் என்று ஊர் பேசவா? காலித் தோட்டாக்களைப் பனிக்குள் மிதித்துத் தள்ளினேன். "மஞ்சள்தான்."

"நான்தான் சொன்னேனே!" தன் மஞ்சள் பெட்டிகள் இரண்டை என் கையில் திணித்துவிட்டுச் சிவப்புப் பையைத் தூக்கிக்கொண்டான். "அப்ப இது உங்களுக்கு வேணாம்ல? நம்மகூட வேட்டைக்கு வர்ற டாய்ல் கேட்டுட்டே இருந்தான்."

"வேணாம்," என்றேன்.