ஒரு சாண் கேபிள்

ஆயுத பூஜைக்கு வைத்த சாமான்களை விஜயதசமி காலையில் கற்பூரம் காட்டி எடுக்கும்வரை யாரும் தொடக்கூடாது. ஆண்டாள் வீட்டில் அது சட்டம். வங்காளத் தலைநகரில், பெஹாலாவில் அவர்கள் குடியிருந்த ஒற்றை அறையில், கட்டிலுக்கும் அடுப்புக்கும் நடுவே கிடைத்த இடத்தில், கணவர் பெத்துராஜின் பிழைப்பு மொத்தமும் வாழையிலைமேல் உட்கார்ந்திருந்தது. டிரில் மெஷின், சுத்தியல், டெஸ்டர், கேபிள் நுனியில் ஜாக் வைத்து அழுத்துகிற கிரிம்பிங் டூல். சுத்தியலுக்கு மண்டையில், டிரில்லுக்கு மூக்கில் என்று ஆண்டாள் சந்தனம் வைத்துக்கொண்டே போனாள். எதற்கு எங்கே முகம் என்பதை அவள்தான் முடிவு செய்வாள்.

"நாளைக்கு முத முதல்ல உங்க பேர்ல வேல பாக்கப் போறீங்க. எதையும் விட்டுறக் கூடாது" என்றாள்.

"ஏணிக்கு வச்சியா?"

"ஏணிக்கு எதுக்கு? அது இனிமே வேண்டாம்னுதான வேண்டிக்கிட்டு இருக்கேன்."

பெத்துராஜ் சிரித்தார். ஆனால் அவருடைய வேண்டுதலும் அதேதான். கோவில்பட்டிப் பக்கமிருந்து வந்த நாளாக ஒரு கேபிள் காண்டிராக்டரிடம் கம்பம் கம்பமாக ஏறியிருக்கிறார். இப்போது வலது முட்டி மூன்றாவது படியிலேயே முறைத்துக்கொள்கிறது. துர்கா பூஜை முடிந்ததும் காளி பூஜைக்கு லைட்டுக் கம்பம் இருக்கிறது, வந்துவிடு என்று காண்டிராக்டர் ஏற்கெனவே சொல்லியாயிற்று. அந்த ஏணியிலிருந்து இறங்க ஒரே ஒரு வழி தெரிந்தது. பாலிகஞ்சில் ஷியாமளா அம்மா வீட்டு வேலை.

ஷியாமளா மத்திய அரசு அலுவலகத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். மகள் ஹம்சினிக்குப் புனேயில் கம்ப்யூட்டர் வேலை. அம்மாவின் போனில் இடமில்லை, பழைய டிஸ்க் ஒன்று முனகுகிறது, வீட்டின் படங்களும் அம்மா பாடிப் பதிந்து வைத்த பாட்டுகளும் ஆளுக்கொரு மூலையில் கிடக்கின்றன என்று மகளுக்குக் கவலை. எல்லாவற்றையும் ஒரே இடத்தில் சேர்த்து வைக்க, இரண்டு டிஸ்க் போட்ட ஒரு நாஸ் பெட்டியை வாங்கி அனுப்பிவிட்டாள். ஒரு டிஸ்க் போனாலும் இன்னொன்றில் எல்லாம் இருக்கும். அது வீட்டில் உட்கார்ந்திருக்கும், அவள் புனேயிலிருந்தே திறந்து பார்ப்பாள். பெட்டிக்குள் செய்யவேண்டியதை அவள் பார்த்துக்கொள்வாள். வாசல் பக்கத்து ரவுட்டரிலிருந்து பின்னறை அலமாரிவரை கேபிள் இழுத்துக் கொடுப்பது பெத்துராஜின் பாடு.

கட்டடத்துச் செயலாளர் தாஸ்குப்தா இந்த வேலையைத் தூரத்திலிருந்து கவனித்துக்கொண்டிருந்தார். அவருக்கும் இப்படி ஒரு பெட்டி வேண்டும். படிக்கட்டு, கேட், மாடி எங்கும் இருக்கிற காமிராப் பதிவுகளை வைத்துக்கொள்ளவும் வெளியூரிலிருந்து பார்க்கவும். முன்பு ஒருவன் செய்து கொடுத்ததில் ஊரில் யார் வேண்டுமானாலும் கேட்டை எட்டிப்பார்க்கலாம் என்று ஆகி, பெரிய சண்டையாகிவிட்டதாம். "ஷியாமளா தீதி வீட்டில் சரியாக ஓடட்டும். ஓடினால் மொத்தக் கட்டடத்து வயரிங்கும் பராமரிப்பும் உனக்குத்தான்" என்று வங்காளத்தில் சொல்லியிருந்தார். லிஃப்ட் உள்ள கட்டடம்.

கேபிளைப் பஞ்சமியன்றே இழுத்தாயிற்று. சுவரோரம் பிளாஸ்டிக் கேசிங் பட்டை அடித்து, கதவு மேலாக வளைத்து, கண்ணில் உறுத்தாமல் கொண்டுபோயிருந்தார். நுனிகளில் ஜாக் வைப்பது மட்டும் பாக்கி. புதுப் பொருளை விஜயதசமியன்றுதான் தொடங்கவேண்டும் என்று ஷியாமளா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். பெட்டியும் அதே பின்னறையில், கொலுப்படிக்குப் பக்கத்தில் வீணையோடு பூஜையில் இருந்தது.

விஜயதசமி காலை பெத்துராஜ் பையை மாட்டிக்கொண்டு பஸ் ஏறினார். வழியெல்லாம் தாக் மேளம். பந்தல் வாசல்களில் பெண்கள் ஒருவர் கன்னத்தில் ஒருவர் குங்குமம் அப்பிக்கொண்டிருந்தார்கள். பாலிகஞ்ச் போய்ச் சேரும்போது சட்டையில் இரண்டு இடத்தில் சிவப்பு.

"வாங்கோ பெத்துராஜ். நல்ல நேரம் போறதுக்குள்ள ஆரம்பிச்சுடுங்கோ" என்றார் ஷியாமளா. பெட்டி அலமாரிக்கு வந்திருந்தது. போன் கொலுப்படிமேல் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. அதில் ஹம்சினி.

"ஷுபோ பிஜோயா, காக்கு! ரெடியா?" என்று வங்காளத்தில் விஜயதசமி வாழ்த்துச் சொன்னாள். காக்கு என்றால் சித்தப்பா.

"ரெடி பாப்பா. ரெண்டு ஜாக்கு, அம்புட்டுதான்."

ரவுட்டர் பக்கம் ஒன்று, அலமாரிப் பக்கம் ஒன்று. கம்பிகளை நிறம் பார்த்து அடுக்கி, ஜாக்கில் நுழைத்து, டூலின் வாயில் கொடுத்து அழுத்தினார். பிறகு டெஸ்டரை மாட்டினார். எட்டு விளக்கும் வரிசையாக எரியவேண்டும். நடுவில் இரண்டு எரியவில்லை.

சரி, கம்பி ஒழுங்காக உட்காரவில்லை போல. அலமாரிப் பக்க நுனியை நறுக்கி வேறு ஜாக் வைத்தார். இப்போது முன்பு எரியாத இரண்டும் எரிந்தன, முதல் விளக்கு எரியவில்லை. ரவுட்டர் பக்கமும் நறுக்கி மாற்றினார். கடைசி விளக்கு போயிற்று.

"என்ன காக்கு, பெட்டி எனக்குத் தெரியவே இல்லையே."

"வந்துரும் பாப்பா."

வரவில்லை. கடைக்காரன் மட்டமான ஜாக்கைத் தலையில் கட்டிவிட்டானோ என்று பையைத் துழாவி, பழைய பொட்டலத்திலிருந்து ஒன்று எடுத்து வைத்தார். அதுவும் அப்படியே. கேபிளை எலி கடித்திருக்குமோ? கேசிங்கைத் தட்டிக்கொண்டே வாசல்வரை நடந்து பார்த்தார். எங்கும் பழுதில்லை. ஒரு பழுதென்றால் ஒரே விளக்கல்லவா அணையவேண்டும்? இது தடவைக்கொரு விளக்கு என்று விளையாடுகிறதே.

அதைவிடப் பெரிய கவலை வேறு. ஒவ்வொரு ஜாக் மாற்றும்போதும் கேபிளில் கொஞ்சம் போய்விடும். பழுதோ என்ற சந்தேகத்தில் அவர் தாராளமாகவே நறுக்கியிருந்தார். முழநீளம் மிச்சம் விட்டிருந்தது இப்போது ஒரு சாணாகச் சுருங்கிவிட்டது. இன்னொரு தடவை நறுக்கினால் பெட்டிக்கு எட்டாது. பெட்டியை நகர்த்தலாம் என்றால் அந்தப் பக்கம் கொலுப்படி. நடுவில் ஒட்டுப்போட அவருக்கு மனம் வராது, செயலாளர் கண்ணுக்கும் அதுதான் முதலில் தெரியும். கேசிங் எல்லாவற்றையும் பிரித்துப் புதுக் கேபிள் இழுப்பதென்றால் இன்றைக்கு ஆகாத காரியம்.

அப்போது பார்த்து தாஸ்குப்தா வந்து சேர்ந்தார். குங்குமம் அப்பிய நெற்றி, கையில் சந்தேஷ் இனிப்பு டப்பா. "ஓடுகிறதா?" என்று கேட்டுவிட்டுத் தரையில் சிதறிக்கிடந்த ஜாக் துண்டுகளைப் பார்த்தார். நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்துகொண்டார். மேற்கொண்டு ஏதாவது கேட்டிருந்தாலாவது பெத்துராஜ் பதில் சொல்லித் தப்பித்திருப்பார்.

"முதல்ல சுண்டல் சாப்பிடுங்கோ. பசியோட வேலை பாக்காதீங்கோ" என்று ஷியாமளா ஒரு கிண்ணத்தை வைத்தார்.

"இருக்கட்டும்மா."

முட்டி வலித்தது. பெத்துராஜ் தரையில் சப்பணம் போட்டு உட்கார்ந்து, கட்டரைக் கையில் எடுத்தார். நறுக்குவதற்கு முன் கடைசியாக ஒரு தடவை பார்த்துவிடலாம் என்று ஜாக்கைக் கண்ணுக்கு நேராகத் தூக்கினார். கண்ணாடி போட்டும் சரியாகத் தெரியவில்லை. இன்னும் பக்கத்தில் கொண்டுவந்தார், மூக்கில் இடிக்கும் அளவுக்கு.

வாசனை அடித்தது.

கொலு வீட்டில் சந்தனம் மணக்காமல் வேறென்ன மணக்கும் என்று ஒரு கணம் நினைத்தார். மறுபடி முகர்ந்தார். வீட்டு வாசனை இல்லை இது. ஜாக்கின் வாசனை. அவசரமாகக் கிரிம்பிங் டூலை எடுத்து வாயைப் பிளந்து வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தார். உள்ளே, ஜாக்கை அழுத்துகிற பல்லிடுக்கெல்லாம் மஞ்சளாகக் காய்ந்தும் காயாமலும் அப்பியிருந்தது. நடுவில் ஒரு குங்குமத் தீற்று.

"அடிப்பாவி ஆண்டாளு" என்றார் வாய்விட்டு.

"என்ன ஆச்சு?" என்று பதறினார் ஷியாமளா.

"எம் பொண்டாட்டி இதுக்கு வாயிலயே பொட்டு வச்சிருக்காம்மா. இதுக்கு வாயிதான மூஞ்சின்னு நெனச்சிருப்பா. நானும் பாக்காம அமுக்கி அமுக்கி ஒவ்வொரு ஜாக்குக்கும் சந்தனம் பூசிக்கிட்டு இருந்திருக்கேன். எந்தத் தகட்டுல ஒட்டுச்சோ அந்த வெளக்கு எரியல."

கொலுப்படிமேலிருந்து ஹம்சினி சிரித்த சிரிப்பில் போன் நழுவி ஒரு செட்டியார் பொம்மைமேல் விழுந்தது. தாஸ்குப்தாவுக்குத் தமிழ் தெரியாது. எதற்குச் சிரிப்பு என்று கேட்டார். மழுப்பிவிடலாம். கடையில் வாங்கிய ஜாக்கில் கோளாறு என்றால் நம்பிவிடுவார். ஆனால் நாளைக்கு இந்த மனிதரின் கட்டடத்தில் நாள் தவறாமல் முகம் காட்டவேண்டுமே என்று தோன்றியது. தெரிந்த வங்காளத்தில், டூலைப் பிளந்து காட்டி, நடந்ததைச் சொன்னார்.

தாஸ்குப்தா டூலை வாங்கி முகர்ந்து பார்த்தார். சிரிக்கவில்லை. "என் வீட்டில் விஸ்வகர்மா பூஜைக்கு ஸ்கூட்டர் சாவித்துவாரத்தில் குங்குமம் வைத்துவிட்டார்கள். மெக்கானிக் வந்து எடுத்தான்" என்றார். அதன் பிறகுதான் அவருக்குச் சிரிப்பு வந்தது. வந்தது நிற்கவில்லை.

ஷியாமளா பழைய பல்துலக்கும் பிரஷ் ஒன்றும் ஸ்பிரிட்டும் கொண்டுவந்து வைத்தார். பெத்துராஜ் முதலில் டூலின் பல்லை ஒவ்வொன்றாகத் தேய்த்துவிட்டார். சுவாமிக்கு வைத்ததைத் துடைக்கிறோமே என்று மனம் கொஞ்சம் இடித்தது. துடைத்த துணியைக் குப்பையில் போடாமல் மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். பிறகு இரண்டு பக்கத்து ஜாக்கிலும் தகடுகளைப் பிரஷ்ஷால் மெல்லத் தேய்த்து, ஊதி, உலரவிட்டார். கட்டரைத் தொடவே இல்லை.

டெஸ்டரை மாட்டினார். எட்டு விளக்கும் ஒன்றன்பின் ஒன்றாக வரிசை தவறாமல் எரிந்தன. இன்னொரு சுற்று விட்டுப் பார்த்தார். அதுவும் அப்படியே.

பெட்டியில் கேபிளைச் செருகியதும் பச்சை விளக்கு துடித்தது. ஹம்சினி அம்மாவை லேப்டாப்பில் ஏதேதோ அழுத்தச் சொன்னாள். பிறகு தன் பக்கம் தட்டினாள். "மா, எனக்கு மட்டும்னு ஒரு சாவி போட்டிருக்கேன், உன் போனுக்கு ஒண்ணு. வேற யாருக்கும் கதவே தெரியாது." திடீரென்று கத்தினாள். "மா! நீ பாடினது ஓடறது! இங்க, புனேல!"

போனிலிருந்து ஷியாமளாவின் குரல் ஷியாமளாவுக்கே திரும்பி வந்தது. "கொஞ்சம் ஸ்ருதி சேரலை அன்னிக்கு" என்று சொல்லிக்கொண்டே அவர் முந்தானையை எடுத்துக் கண்ணாடியைத் துடைத்தார்.

தாஸ்குப்தா அசையவில்லை. அவருக்குப் பாட்டு முக்கியமில்லை. தன் போனை எடுத்தார். ஹம்சினியிடம் பெட்டியின் முகவரியைக் கேட்டு வாங்கி அவரே தட்டினார். போனில் வைஃபையை அணைத்துவிட்டுத் தட்டினார். எழுந்து படிக்கட்டுக்குப் போய் அங்கேயும் தட்டினார். பெத்துராஜ் கதவோரம் வந்து நின்று பார்த்தார்.

திரும்பி வந்தவர் முகம் மலர்ந்திருந்தது. "திறக்கவில்லை! என்ன செய்தாலும் திறக்கவில்லை!"

தனக்கு ஒன்று திறக்கவில்லை என்பதற்கு இவ்வளவு சந்தோஷப்பட்ட மனிதரை பெத்துராஜ் அதுவரை பார்த்ததில்லை.

"அதற்குத்தானே அந்தச் சாவி" என்றாள் ஹம்சினி வங்காளத்தில், பெருமையாக.

தாஸ்குப்தா சந்தேஷ் டப்பாவைத் திறந்து முதல் துண்டை பெத்துராஜிடம் நீட்டினார். "பௌர்ணமிக்கு லக்ஷ்மி பூஜை, அது முடிந்த மறுநாள் வா. மாடியிலிருந்து ஆரம்பிக்கலாம். உன் மனைவியிடம் சொல், கட்டடத்துப் பெட்டிக்கும் பொட்டு உண்டு. வெளியே மட்டும்."

மாலையில் சிலை கரைக்க ஊரே கங்கைப் பக்கம் போய்க்கொண்டிருந்தது. லாரிமேல் துர்கை, முன்னால் மேளம், பின்னால் நகராத பஸ். பெத்துராஜ் ஜன்னலோரம் உட்கார்ந்து காண்டிராக்டருக்குப் போன் போட்டார். காளி பூஜைக் கம்பத்துக்கு வேறு ஆள் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, அவர் திட்டத் தொடங்குவதற்குள் வைத்துவிட்டார்.

வாசலிலேயே ஆண்டாள் நின்றிருந்தாள். "என்னங்க ஆச்சு? ஓடுச்சா?"

"நீ வச்ச சந்தனம் புனே வரைக்கும் போயிருச்சு."

"பாத்தீங்களா? நான் சொன்னேன்ல!" என்று அவள் பையை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள்.

மிச்சக் கதையைச் சாப்பாட்டுக்குப் பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று பெத்துராஜ் செருப்பைக் கழற்றினார். சுவரில் சாய்ந்திருந்த ஏணியில் துணி காய்ந்துகொண்டிருந்தது.