வராத டிரம்ஸ்

ஆம்பூர் ராக் கச்சேரிக்கு இன்பராஜ் சனிக்கிழமை மத்தியானமே விமர்சனம் எழுதிக் கொடுத்துவிட்டான். கச்சேரி சாயங்காலம்தான். ஆனால் பத்திரிகையின் ஞாயிறு இணைப்பு மூன்று மணிக்கே அச்சுக்குப் போய்விடும் என்பதால், எட்டு வருஷமாக இதுதான் அவன் வழக்கம்.

ஞாயிறு காலை வேலூரில் ஒரு தனியார் எஃப்எம்மில் அவன் நடத்தும் நேரலை நிகழ்ச்சி. விருந்தினராக வந்த, அந்தக் கச்சேரியின் டிரம்மர் ஜெஸ்டன் எதிரே உட்கார்ந்து மெல்லச் சொன்னான்: "அண்ணே, டிரம்ஸ் ஏத்தின வேன் வாலாஜாபேட்டையிலயே நின்னுபோச்சு. நேத்து நான் வாசிக்கவே இல்ல. நீங்க இன்னா, டிரம்ஸ் பிரமாதம்னு எழுதிட்டீங்க?"

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நிலைய மேலாளர் பிரிசில்லா அதே விமர்சனத்தைப் படித்துக்கொண்டிருந்தார். பொய்ச் செய்தி வாசித்த ஒருவரைப் போன மாதம்தான் வேலையைவிட்டு அனுப்பியிருந்தார்.

சிவப்பு விளக்கு எரிந்தது. முதல் அழைப்பு வந்தது.

"ஆம்பூர்லேர்ந்து ரெனால்ட் பேசறேன். நேத்து கச்சேரியில முன்வரிசைல இருந்தேன்."

இன்பராஜ் கண்ணாடிப் பக்கம் பார்த்தான். "சொல்லுங்க ரெனால்ட்."

"டிரம்ஸ் செம சார்! நீங்க எழுதின மாதிரியே சொவரெல்லாம் அதிர்ந்துச்சு."

பிரிசில்லா கட்டைவிரலை உயர்த்தினார். ஜெஸ்டன் மைக் பக்கம் குனிந்து, "நன்றிங்க. நேத்து கொஞ்சம் ஜாஸ்தியாவே அடிச்சிட்டேன்" என்றான்.